பேச்சியம்மாள் அழிக்காமல் போன கோலம்

வாகைக்குறிச்சி கீழத்தெருவில் ஒரு பெண் நடந்து வந்தால் அவளைச் சுற்றி ஒரு வட்டக் கோலமும் கூடவே நடந்து வரும். அவள் நின்றால் நிற்கும், குனிந்து குடத்தைத் தூக்கினால் காத்திருக்கும், பஸ் வந்தால் அவளுக்கு முன்னால் அதுதான் படியேறும், ஆற்றில் முங்கி எழுந்தாலும் அடைமழையில் நனைந்தாலும் அதன் ஓரத்தில் இருக்கிற சின்னச் சுழிகூடக் கலையாது. இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் அந்த ஊரார் கேட்பார்கள். எறும்புதான் கொஞ்சம் தொல்லை என்பார்கள், பச்சரிசி மாவு அல்லவா.

அந்தத் தெருவுக்குள் மங்கையர்க்கரசி ஒரு புதன்கிழமைக் காலையில் கையில் டேப்லெட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்து இறங்கினாள். சென்னையில் இருக்கும் ஒரு கருத்துக்கணிப்புக் கம்பெனிக்கு அவள் தென்மாவட்டங்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவள். தேர்தலா, சோப்பா, டிவி சீரியலா, எதுவானாலும் கேட்பாள். இந்த முறை கேட்க வேண்டியது நோய்த்தொற்றுக் காலத்தைப் பற்றி. முதல் கேள்வியே, 'பெருந்தொற்றினால் உங்கள் வாழ்வில் ஏற்பட்ட பாதிப்பு இன்றும் தொடர்கிறதா?' என்பது. ஆம், இல்லை, கருத்து இல்லை என்று மூன்று கட்டங்கள். கண்ணால் காண்பதை எழுதக்கூடாது, சொல்வதைத்தான் பதிய வேண்டும், சொல்பவரைத் தூண்டக்கூடாது, முகத்தில் ஆச்சரியம் காட்டக்கூடாது என்றெல்லாம் அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்தத் தெருவில் முகத்தை வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த இசக்கி என்ற பெண்ணைச் சுற்றிக் கோலம் இருந்தது, அதற்குள்ளேயே அவளுடைய எட்டு வயது மகனும் இருந்தான். வீட்டில் யாரைக் கேட்பது என்று விதிப்படி விசாரித்துவிட்டு மங்கை கேள்வியை வாசித்தாள். இசக்கி யோசிக்கவே இல்லை.

"இல்லம்மா. அதெல்லாம் முடிஞ்சு எத்தன நாளாச்சு? நல்லா இருக்கோம்லா."

மங்கை அவள் காலடியைப் பார்த்தாள், டேப்லெட்டைப் பார்த்தாள், 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டாள். விதி விதிதானே. ஆனால் எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு, டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு, சும்மா பேசுகிற குரலில் அதைப் பற்றிக் கேட்டாள். இசக்கியும் சும்மா பேசுகிற குரலில்தான் சொன்னாள், யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று சொல்வதைப் போல.

அந்தக் காலத்தில் ரேஷன் கடை வாசலில் தள்ளித் தள்ளி நிற்க வட்டம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. பாதியிலேயே சுண்ணாம்புத் தூள் தீர்ந்துவிட்டது. கடை வாசல் பெருக்குகிற பேச்சியம்மாள், இதற்குப் போய் டவுனுக்கு ஆள் அனுப்பணுமா என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக் கோலமாவு டப்பாவை எடுத்து வந்து இருந்த சுண்ணாம்பையும் பெருக்கித் தள்ளிவிட்டு, ஒரே கையில் ஒரே மூச்சில் வட்டங்களைப் போட்டாள். ஒவ்வொரு வட்டத்தையும் மூடுகிற இடத்தில், கை பழக்கத்தில், ஒரு சுழியும் வைத்தாள். ஊர் சனம் அதில் நின்று அரிசி வாங்கிப் போனது. அன்றைக்குச் சாயங்காலமே தெருவின் இரண்டு முனையையும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் பழைய கோலத்தைத் தண்ணீர் தெளித்து அழிக்க வேண்டியவள் பேச்சியம்மாள். அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் திரும்பி வரவில்லை. முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. போட்ட கையால் அழிக்கப்படாத கோலம் எத்தனை நாள்தான் கடை வாசலில் தனியாகக் கிடக்கும்? தகரத்தைப் பிரித்த அன்றைக்கு அது எழுந்து, தன்மேல் நின்றவர்களோடு வந்துவிட்டது. அவ்வளவுதான் கதை.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் மங்கைக்கு வீட்டுக்கு வீடு புதிது புதிதாகத் தெரிந்தது. கோலத்தைத் தாண்டி ஒருவரை ஒருவர் தொட முடியாது என்பதில்லை, அது சுவரா என்ன, வெறும் மாவு. ஆனால் கோலத்தை மிதிக்க அந்த ஊரில் யாருக்கும் கால் வராது. அதுவும் பேச்சியம்மாள் கடைசியாகப் போட்ட கோலத்தை. கை நீட்டினால் விரல்நுனி எட்டும், தட்டும் தம்ளரும் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் இல்லை. முன்பெல்லாம் முழங்காலோடு முழங்கால் இடிக்க வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றிய பெண்கள் இப்போது கோலத்துக்குக் கோலம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள், மடியில் சுளகும் அதில் இலையும் தூளுமாக. இடம் தூரமானதால் குரலை உயர்த்திப் பேச வேண்டியதாகி, அந்தத் தெருவில் ரகசியம் என்று ஒன்று இல்லாமலே போயிற்று. வாகைக்குறிச்சி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கையை நீட்டிச் சீட்டுக் கொடுக்கப் பழகிக்கொண்டார். யார் பின்னாலும் தொற்றிக்கொண்டு போக முடியாத பெண்கள் தாங்களே ஸ்கூட்டர் ஓட்டக் கற்றார்கள். அன்று கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற இசக்கிக்கும் மகனுக்கும் சேர்த்து ஒரே கோலம் என்பதால், அவன் பள்ளிக்கூடம் போனபோது அவளும் போனாள், அவன் பின்னால் தரையில் உட்கார்ந்து இலை வெட்டினாள், இப்போது அவனுக்கு முன்பே வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. ரேஷன் கடை வரிசையில் நிற்பது பெண்கள் வேலை என்று வீட்டிலேயே கால் நீட்டிக் கிடந்த ஆண்களுக்குக் கோலம் கிடைக்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று என்றால், குடித்துவிட்டு வந்து கையை ஓங்குகிற புருஷன்மார்கள் கோலத்தின் ஓரத்தில் வந்து நின்று, காலை வைக்கவும் மனம் வராமல், ஓங்கிய கை எட்டவும் எட்டாமல், வெறுமனே ஏசிவிட்டுப் போய்ப் படுத்தார்கள். வள்ளிமயில் என்ற ஒரு பெண் மங்கையிடம் வெளிப்படையாகவே சொன்னாள், பேச்சியக்கா எனக்குப் போட்டுக் கொடுத்தது கோலம் இல்லை, கோட்டை என்று. அந்தத் தெருவில் தொட்டில் கட்டிய வீடுகள் குறைந்துபோனது உண்மைதான், அதையும் யாரும் குறையாகச் சொல்லவில்லை.

ஆகவே மங்கை கேட்ட எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது. பாதிப்பு இல்லை. முதலில் அவள் மறைக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு கேட்கக் கேட்கத்தான் அவளுக்குப் புரிந்தது, அவர்கள் பொய் சொல்லவில்லை. செத்துப்போன ஒருத்தி கைப்பட இழுத்த கோலத்தை யாராவது பாதிப்பு என்று சொல்வார்களா? கோலத்தை அப்படிச் சொல்லும் வாய் நல்ல வாயா? சென்னையில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கேள்வி எழுதியவர்களுக்கு அந்தச் சொல் ஒரு சொல், இங்கே அது ஒரு அவச்சொல். அதை மாற்றிக் கேட்க அவளுக்கு அனுமதி இல்லை.

மத்தியானம் மேற்பார்வையாளர் விஜயரங்கன் போன் செய்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் திரையில் தெரிவதை மட்டும் நம்புபவர். ஒரு தெரு முழுக்க ஒரே பதில் வந்தால் கம்ப்யூட்டர் சிவப்பு காட்டும், மரத்தடியில் உட்கார்ந்து நீங்களே நிரப்பிவிட்டீர்களா என்று கேட்டார். ஏற்கெனவே இரண்டு பேரை அப்படி நீக்கியிருக்கிறோம் என்றும் ஞாபகப்படுத்தினார். மங்கை ஊரில் இருப்பதை இருந்தபடி சொன்னாள். அவர் திரையில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். அப்புறம், கோலத்துக்கு நம்மகிட்ட ஆப்ஷன் இல்லையேம்மா என்றார்.

கடைசி வீடு உலகம்மையுடையது. அந்த வீட்டைப் பற்றி இசக்கி முன்பே சொல்லியிருந்தாள், அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவள் குரலைத் தாழ்த்தினாள். புருஷன் போன பிறகு உலகம்மைக்கு இருந்தது ஒரே மகள், அபிநயா. அன்று ரேஷன் கடைக்கு இரண்டு பேரும் போனார்கள். உலகம்மைக்கு லேசாக இருமல் இருந்தது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற மகளிடம், தள்ளி நில்லுட்டி என்று சொல்லி அடுத்த வட்டத்தைக் காட்டினாள். மகள் தள்ளி நின்றாள். மூன்று நாளில் உலகம்மையையும் கொண்டு போனார்கள், மூச்சு விட முடியாமல் கிடந்து, பிழைத்து வந்தாள். மகளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. தள்ளி நின்றதால்தான் பிள்ளை தப்பினாள் என்று உலகம்மை நம்பினாள், அந்த நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியவில்லை. அம்மா வீட்டுக்கு வந்த அன்று மகள் ஓடி வந்தாள். உலகம்மை பின்னால் நகர்ந்தாள், சுவர் முதுகில் இடிக்கும் வரை நகர்ந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கோலத்தின்மேல் வைக்கப்போன காலை மகள் எடுத்துக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு அவள் தானே பின்னி, தானே வயதுக்கு வந்து, தானே வளர்ந்தாள். உலகம்மை தினமும் கனகாம்பரம் கட்டி இரண்டு கோலமும் உரசுகிற இடத்தில் வைப்பாள், மகள் எடுத்து வைத்துக்கொள்வாள். நாளை காலையில் ஓசூர் கம்பெனி வேன் வருகிறது, செல்போன் உதிரிப்பாகம் செய்கிற வேலைக்கு ஹாஸ்டலோடு ஆள் எடுத்திருக்கிறார்கள், அபிநயா போகிறாள். தாயும் பிள்ளையும் ஒருமுறை கட்டிக்கொள்ளாமலே போகப் போகிறாள் என்றுதான் தெருவே மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் யார் போய்ச் சொல்வது?

மங்கை போனபோது வீட்டுக்குள் ஒரு பக்கம் உலகம்மை சுளகோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், மறுபக்கம் மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கோலமும் நடுவீட்டில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. எறும்புகள் அம்மாவின் கோலத்திலிருந்து மகளின் கோலத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

"கேளும்மா, தெருவுல எல்லாரும் சொன்னதத்தான் நானும் சொல்லப்போறேன்" என்றாள் உலகம்மை. அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

ஆனால் கணிப்புக்கு ஒரு விதி உண்டு. கதவைத் திறந்தவரையே கேட்டுவிடக்கூடாது, அப்படிக் கேட்டால் எப்போதும் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டுமே உலகத்தின் கருத்தாகிவிடும். ஆகவே வீட்டில் பதினெட்டு நிரம்பியவர்களில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்ததோ அவரைத்தான் கேட்க வேண்டும். மங்கை அதை இதுவரை எத்தனையோ ஆயிரம் வீடுகளில் கேட்டிருக்கிறாள், யாரும் சட்டை செய்ததில்லை. இங்கேயும் கேட்டாள். உலகம்மைக்குச் சித்திரையில் பிறந்தநாள். அபிநயாவுக்குப் போன வாரம்தான் பதினெட்டு முடிந்திருந்தது.

"அப்ப நீங்கதான்மா சொல்லணும்" என்று மங்கை மகளைப் பார்த்துத் திரும்பினாள்.

அடுத்தவர் காதில் விழாமல் கேட்க வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் ஒருத்தியை அவள் வீட்டிலிருந்தே வெளியே போய் இருங்கள் என்று எப்படிச் சொல்வது? மங்கை சொல்லவில்லை. கேள்வியை அச்சில் இருந்தபடியே, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள்.

அபிநயா மடித்துக்கொண்டிருந்த பாவாடையைக் கீழே வைத்தாள். இதுவரை அவளிடம் யாரும் இப்படி உட்கார்ந்து எதையும் கேட்டதில்லை.

"ஆமா" என்றாள்.

உலகம்மையின் கை இலையோடு நின்றது. மங்கை 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டாள். அன்று முழுக்கத் திறக்காத ஒரு கேள்விக் கிளை திரையில் திறந்தது. எந்த அளவுக்கு, ஓரளவா, மிகவுமா என்று கேட்டாள். மிகவும் என்று வந்தது. எந்த வகையில் என்று அடுத்த கேள்வி. அதற்குக் கட்டங்கள் இல்லை, சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும்.

"எங்கம்மா மேல என்ன வாசம் அடிக்கும்னு எனக்கு மறந்துபோச்சு."

மங்கை எழுத ஆரம்பித்தாள். எழுத்துகள் சரியாக விழவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்க வேண்டும்.

உலகம்மை சுளகைக் கீழே இறக்கி வைத்தாள். எழுந்தாள். அவளோடு கோலமும் எழுந்து ஓரடி முன்னால் வந்து மகளுடைய கோலத்தில் முட்டி நின்றது, இத்தனை வருடமாக முட்டி நின்ற அதே மாதிரி. அவள் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிள்ளையை உயிரோடு வைத்திருந்த கோடு என்று அவள் நினைத்திருந்த கோடு.

"பேச்சியக்கா, நீ போட்டது போதும். பொறுத்துக்கோ" என்றாள்.

காலை எடுத்து வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இடி இடிக்கவில்லை, பூமி பிளக்கவில்லை, எந்த வாசலில் எந்தக் கோலத்தை மிதித்தாலும் எப்படிக் கலையுமோ அப்படி இரண்டு கோலமும் கலைந்தன, மாவு பாதத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு எட்டு. இந்த ஒரு எட்டுக்காகவா ஆறு வருடம் என்று மங்கை நினைத்தாள். உலகம்மை மகளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள், மகள் இப்போது அவளைவிட உயரம், எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் முதலில் தோளையும் பிறகு தலையையும் பிறகு மறுபடி தோளையும் பிடித்தாள். அபிநயா அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். பீடித்தூள் ஏறித் தும்மினாள். மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் தும்மினாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

மீதிக் கேள்விகளை மங்கை கேட்கவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கோலத்தை மிதித்தது தப்பு என்று சிலர் சொன்னார்கள். பேச்சியம்மாள் இருந்தால் அவளே தண்ணீர் தெளித்திருப்பாள், எத்தனை நாள்தான் பழைய கோலத்தோடு இருக்க என்று சிலர் சொன்னார்கள். பேச்சு பேச்சாக இருக்கும்போதே, தன் அக்காளைத் தொட்டு எத்தனையோ நாளான ஒருத்தி சத்தமில்லாமல் எழுந்து போய் அக்காள் கோலத்துக்குள் கால் வைத்தாள் என்று மறுநாள் தெரிந்தது. இசக்கி தீர்மானத்துக்கு வரவில்லை, மகன் ஐந்தாம் வகுப்பு முடிக்கட்டும், நானும் முடித்துக்கொள்கிறேன் என்றாள். வள்ளிமயில் மட்டும் உறுதியாக இருந்தாள். எனக்கு இது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தன் கோலத்தோடு ஸ்கூட்டரில் ஏறிப் போனாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

காலையில் ஓசூர் வேன் வந்தது. அதற்கு முன்பே உலகம்மை ஒரு வாளித் தண்ணீரோடு போய், ஆறு வருடம் பிந்தி, ரேஷன் கடை வாசலில் தெளித்தாள். புதிதாகக் கோலம் எதுவும் போடவில்லை. திரும்பி வந்து மகளுக்குத் தலை பின்னினாள். கை பழக்கம் விட்டுப்போயிருந்தது, பின்னல் கோணலாக வந்தது. அவிழ்த்துப் பின்னட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கோணல் பின்னலோடுதான் அபிநயா வேன் ஏறினாள்.

ஒரு வாரம் கழித்து, மங்கை அனுப்பிய பதில்களில் சிலவற்றைச் சரிபார்க்கக் கம்பெனியிலிருந்து ஆட்களுக்குப் போன் செய்தார்கள். தெருவிலேயே வேறுபட்டிருந்த ஒரே பதில் என்பதால் அபிநயாவுக்கும் செய்தார்கள். பாதிப்பு இன்றும் தொடர்கிறது என்று சொன்னது நீங்கள்தானா என்று கேட்டார்கள். சொன்னேன், ஆனால் இப்போது இல்லை என்றாள் அவள். இப்போதைப் பற்றிக் கேட்கவில்லை, அன்றைக்குச் சொன்னீர்களா இல்லையா என்று மறுபடி கேட்டார்கள். சொன்னேன் என்றாள். பதிவு சரி என்று குறித்துக்கொண்டார்கள். மங்கையின் வேலை தப்பியது. பதில்கள் இயல்பாக இருக்கின்றன என்று விஜயரங்கன் பாராட்டிச் செய்தி அனுப்பினார்.

கணிப்பின் முடிவு வெளியானபோது மங்கை வேறொரு ஊருக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள். செல்போனில் படித்தாள். பெருந்தொற்றின் பாதிப்பிலிருந்து மக்கள் முழுமையாக மீண்டுவிட்டார்கள் என்று எழுதி, அதற்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லாமல் ஒரு தென்மாவட்டக் கிராமத்தைக் காட்டியிருந்தார்கள். அங்கே ஒரே ஒரு வீட்டில்தான் பாதிப்பு இன்னும் இருக்கிறதாம்.

அந்த நேரத்தில் வாகைக்குறிச்சி ரேஷன் கடையில் வரிசை நின்றது. கோலத்துக்குக் கோலம் இடம் விட்டு நின்ற பெண்களுக்கு நடுவே உலகம்மை, சுற்றிலும் வெறும் மண்ணோடு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் ஒரு எறும்புகூட இல்லை.